பழைய மருந்து, புதிய வழி: புராஸ்டேட் புற்றுநோய்க்குத் தோல் வழியாகச் செல்லும் ஈஸ்ட்ரோஜன்



இந்த இதழின் பாடத்துக்கு, ஆண்கள் வாய் திறந்து பேசத் தயங்கும் ஒரு நோயை எடுத்துக்கொள்கிறோம். செவ்வாப்பேட்டை, புட்லூர், வேப்பம்பட்டு பக்கத்தில் எந்தத் தெருவில் கேட்டாலும், அறுபது வயதைத் தாண்டிய ஆண்களில் பலர் இரவில் மூன்று, நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறார்கள் என்று வீட்டுப் பெண்கள் சொல்வார்கள். அந்த ஆண்களைக் கேட்டால், "வயசானா அப்படித்தான்" என்பார்கள். பெரும்பாலும் அது உண்மைதான். வயதோடு புராஸ்டேட் சுரப்பி வீங்குவதால் வரும் தொல்லை அது, புற்றுநோய் அல்ல. ஆனால் சிலருக்கு அதே சுரப்பியில் புற்றுநோய் சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டிருக்கும். முதுகெலும்பில் வலி வந்து, கால் மரத்துப்போன பிறகே அவர்களில் பலர் டாக்டரிடம் வருகிறார்கள்.

அப்படி வருகிறவர்களுக்கு அளிக்கப்படும் ஹார்மோன் சிகிச்சையைப் பற்றியே இப்பாடம். 80 ஆண்டுகளுக்கு முன் பிறந்து, இடையில் ஒதுக்கிவைக்கப்பட்ட ஒரு மருந்து, அண்மையில் ஒரு பிளாஸ்திரியின் வடிவில் மறுபடியும் கவனத்துக்கு வந்திருக்கிறது. அதனால் நம்மூர்ப் பெரியவர் ஒருவருக்கு என்ன பயன், எங்கே எச்சரிக்கை வேண்டும் என்பதை நிதானமாகப் பார்ப்போம்.

1. புராஸ்டேட் சுரப்பியும் அதன் புற்றுநோயும்

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டுமே உள்ள ஒரு சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி மோதிரம் போல அமைந்திருக்கிறது. அதனால்தான் அது வீங்கும்போது சிறுநீர் மெலிந்து, விட்டு விட்டு வருகிறது.

சென்னையில் 1981 முதல் மக்கள்தொகை அடிப்படையிலான புற்றுநோய்ப் பதிவேடு ஒன்று நடந்துவருகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையே இதை நடத்துகிறது. ஆண்களைத் தாக்கும் முன்னணிப் புற்றுநோய்களின் வரிசையில் புராஸ்டேட் புற்றுநோயும் இடம்பெற்றிருப்பதை அப்பதிவேடு காட்டுகிறது. மக்களின் ஆயுள் கூடக்கூட இந்த நோயைக் காண்பதும் கூடுகிறது.

பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை சந்தேகத்தை எழுப்பும். சுரப்பியிலிருந்து ஊசியால் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பதே நோயை உறுதி செய்யும். பி.எஸ்.ஏ. அதிகமாக இருக்கிறது என்பதற்காகவே ஒருவருக்குப் புற்றுநோய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சாதாரண வீக்கத்திலும் சிறுநீர்த் தொற்றிலும் அது ஏறக்கூடும்.

2. நோய்க்குத் தீனி எது?

1941ல் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் டாக்டர் சார்லஸ் ஹகின்ஸ் என்பவரும் அவருடன் பணியாற்றிய டாக்டர் கிளாரன்ஸ் ஹாட்ஜஸ் என்பவரும் ஒரு பெரிய உண்மையை வெளியிட்டார்கள். புராஸ்டேட் புற்றுநோய் செல்கள் வளர்வதற்கு ஆண் ஹார்மோனாகிய டெஸ்டோஸ்டிரோன் தேவை. அதை நிறுத்தினால் நோய் அடங்குகிறது. எலும்பு வலியால் படுக்கையில் கிடந்தவர்களும் எழுந்து நடக்கிறார்கள். இந்தக் கண்டுபிடிப்புக்காக ஹகின்ஸுக்கு 1966ல் நோபல் பரிசு கிடைத்தது.

டெஸ்டோஸ்டிரோனின் பெரும்பகுதி விரைகளில்தான் சுரக்கிறது. அதை நிறுத்த ஹகின்ஸ் இரண்டு வழிகளைக் காட்டினார். ஒன்று, அறுவை செய்து விரைகளை அகற்றுவது. மற்றொன்று, பெண் ஹார்மோனாகிய ஈஸ்ட்ரோஜனைக் கொடுப்பது.

பெண் ஹார்மோன் எப்படி ஆணின் ஹார்மோனை நிறுத்தும் என்று நீங்கள் கேட்கலாம். நம் மூளையின் அடியில் பிட்யூட்டரி என்ற சிறு சுரப்பி இருக்கிறது. விரைகளுக்கு "சுரந்துகொண்டிரு" என்று உத்தரவு அனுப்புவது அதுவே. ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் அதிகமாக இருந்தால், உடலில் ஹார்மோன் போதுமான அளவு இருக்கிறது என்று மூளை எண்ணிக்கொள்கிறது. உத்தரவு நிற்கிறது, விரைகள் சுரப்பதை நிறுத்துகின்றன. மேல்தொட்டி நிரம்பியதும் மிதவை மேலே எழும்பித் தண்ணீரை அடைத்துவிடுவது போன்றதே இது.

ஹார்மோன் சிகிச்சை நோயை அடக்குகிறது. பரவிய நோயை வேரோடு அழிப்பதில்லை. ஆனாலும் அது பலருக்கு ஆண்டுக்கணக்கில் நல்ல வாழ்க்கையைத் தருகிறது.

3. நல்ல மருந்து ஏன் ஒதுக்கப்பட்டது?

1938ல் லண்டனில் எட்வர்ட் சார்லஸ் டாட்ஸ் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனை உருவாக்கினார்கள். அதற்குக் காப்புரிமை பெறப்படவில்லை. எந்தக் கம்பெனியும் தயாரிக்கலாம் என்பதால் மாத்திரையின் விலை மிகக் குறைவாக இருந்தது. ஹகின்ஸின் கண்டுபிடிப்புக்குப் பின் உலகெங்கும் புராஸ்டேட் புற்றுநோயாளிகளுக்கு இந்த மாத்திரையே கொடுக்கப்பட்டது.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகள் 1960ல் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கின. 1967ல் அதன் முடிவு வந்தபோது மருத்துவ உலகம் அதிர்ந்தது. நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் ஸ்டில்பெஸ்ட்ரால் சாப்பிட்டவர்கள் புற்றுநோயால் குறைவாகவே இறந்தார்கள். ஆனால் மாரடைப்பு, ரத்தக்கட்டி போன்றவற்றால் அதிகமாக இறந்தார்கள். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறித்துக்கொண்டது போலாயிற்று.

இதற்குக் காரணம் என்ன? வாய் வழியாக விழுங்கும் மருந்து குடலில் உறிஞ்சப்பட்டு, உடலெங்கும் பரவுவதற்கு முன் நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைத் தயாரிக்கும் இடம் கல்லீரல். அங்கே ஈஸ்ட்ரோஜன் வெள்ளம் போல வந்து இறங்கும்போது, கல்லீரல் அந்தப் புரதங்களை அளவுக்கு மிஞ்சித் தயாரிக்கிறது. ரத்தம் கட்டிக்கொள்ளும் தன்மை கூடுகிறது. ஆகவே தீமை விளைவித்ததில் ஈஸ்ட்ரோஜனுக்கு மட்டும் அல்ல, அது உள்ளே சென்ற வழிக்கும் பெரும் பங்கு உண்டு. இப்பாடத்தின் மையக் கருத்து இதுதான்.

4. ஊசியின் காலம்

1971ல் ஆண்ட்ரூ ஷாலி என்ற விஞ்ஞானியின் குழு, பிட்யூட்டரியை இயக்கும் மூளை ஹார்மோனின் அமைப்பைக் கண்டறிந்தது. 1977ல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். அந்த ஹார்மோனைப் போலச் செய்யப்பட்ட ஊசி மருந்துகள் 1980களில் வந்தன. லியூப்ரோலைடு, கோஸரெலின், டிரிப்டோரெலின் ஆகியவை அவ்வகையைச் சேர்ந்தவை. மாதம் ஒருமுறை அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டால் விரைகள் சுரப்பதை நிறுத்திவிடுகின்றன. அறுவையும் இல்லை, மாத்திரையினால் வரும் ரத்தக்கட்டியும் இல்லை என்பதால் டாக்டர்கள் இவற்றை வரவேற்றார்கள்.

ஆனால் இந்த ஊசிக்கும் ஒரு விலை உண்டு. ரூபாயில் மட்டுமல்ல, உடம்பிலும்.

ஆணின் உடம்பிலும் சிறிதளவு ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. டெஸ்டோஸ்டிரோனிலிருந்துதான் உடல் அதைத் தயாரித்துக்கொள்கிறது. ஊசி டெஸ்டோஸ்டிரோனை நிறுத்தும்போது இந்த ஈஸ்ட்ரோஜனும் நின்றுபோகிறது. எலும்பு வலுவாக இருக்க ஆணுக்கும் ஈஸ்ட்ரோஜன் தேவை. அது இல்லாதபோது எலும்பு மெலிந்து, சிறு தடுமாற்றத்திலும் இடுப்பு முறியலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வருவது போல உடம்பு திடீரென்று கொதித்து, வியர்த்துக் கொட்டும். எடை கூடும், சர்க்கரையும் கொழுப்பும் ஏறலாம். விரைகளை அகற்றும் அறுவையிலும் இதே விளைவுகள் வருகின்றன.

5. தோல் வழியாக

கல்லீரலுக்குப் போகாமல் ஈஸ்ட்ரோஜனை ரத்தத்தில் சேர்க்க முடியுமா? முடியும். மாதவிடாய் நின்ற பெண்களுக்காகத் தயாரிக்கப்படும் ஈஸ்ட்ராடயால் பிளாஸ்திரி பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. தோலில் ஒட்டினால் மருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊறி நேராக ரத்தத்தில் சேர்கிறது. மொத்தமாகக் கல்லீரலில் போய் இறங்குவதில்லை.

இதையே புராஸ்டேட் புற்றுநோயாளிகளுக்கு ஒட்டிப் பார்த்தால் என்ன என்று லண்டனைச் சேர்ந்த டாக்டர் பால் ஏபெல், டாக்டர் ரூத் லாங்லி முதலானவர்கள் எண்ணினார்கள். 2006ல் பிரிட்டனில் 'பேட்ச்' என்ற ஆய்வு தொடங்கியது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான ஊசி. மற்றொரு பிரிவினருக்கு ஈஸ்ட்ராடயால் பிளாஸ்திரி. யாருக்கு எது என்பதை நோயாளியோ டாக்டரோ தெரிந்தெடுக்கவில்லை. சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் பிரித்தார்கள்.

பிளாஸ்திரிப் பிரிவினர் முதல் 4 வாரங்களுக்கு, 24 மணி நேரத்தில் 100 மைக்ரோகிராம் மருந்து வெளியிடும் பிளாஸ்திரிகளை ஒரே சமயத்தில் 4 ஒட்டிக்கொண்டார்கள். வாரத்தில் இரண்டு முறை அவற்றை மாற்றினார்கள். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் போதுமான அளவு இறங்கியது உறுதியானதும் 3 ஆகக் குறைத்தார்கள்.

2021ல் லான்செட் மருத்துவ இதழில் 1694 ஆண்களைப் பற்றிய அறிக்கை வந்தது. மூன்று மாத முடிவில், ஊசி போட்டவர்களிலும் பிளாஸ்திரி ஒட்டியவர்களிலும் 100க்கு 93 பேருக்கு டெஸ்டோஸ்டிரோன் வேண்டிய அளவுக்கு இறங்கியிருந்தது. எல்லாரும் அஞ்சிய இருதய நோய், பக்கவாதம், ரத்தக்கட்டி ஆகியவற்றைப் பொறுத்தவரை இரு பிரிவுக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை. வாய் வழியாகச் சென்றபோது இருந்த ஆபத்து, தோல் வழியாகச் சென்றபோது காணப்படவில்லை.

2024 செப்டம்பரில் ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரில் நடந்த ஐரோப்பியப் புற்றுநோய் மருத்துவர்கள் மாநாட்டில் அடுத்த முடிவு அறிவிக்கப்பட்டது. புராஸ்டேட்டில் நோய் முற்றியும் தூரத்து உறுப்புகளுக்குப் பரவாத நிலையில் இருந்த 1360 ஆண்களைப் பற்றியது அது. மூன்று ஆண்டுகளுக்குப் பின் நோய் பரவாமல் உயிரோடிருந்தவர்கள் பிளாஸ்திரிப் பிரிவில் 100க்கு 87 பேர். ஊசிப் பிரிவில் 86 பேர். புற்றுநோயை அடக்குவதில் இரண்டும் சமம் என்பதே இதன் பொருள்.

6. இரு பக்கமும் பார்ப்போம்

நன்மைகள்: உடம்பு கொதித்து வியர்க்கும் தொல்லை ஊசிப் பிரிவில் 100க்கு 89 பேருக்கு இருந்தது, பிளாஸ்திரிப் பிரிவில் 44 பேருக்கே இருந்தது. ஊசிப் பிரிவினருக்கு எலும்பின் அடர்த்தி குறைந்தது. பிளாஸ்திரிப் பிரிவினருக்கு அப்படிக் குறையவில்லை. ரத்தச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றின் அளவும் பிளாஸ்திரிப் பிரிவில் மேலாக இருந்தது. வீட்டுக்கு வீடு சர்க்கரை நோய் உள்ள நம் நாட்டில் இது சிறிய காரியமல்ல. மேலும், பிளாஸ்திரியை வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் ஊசிக்காக மருத்துவமனைக்கு அலைய வேண்டியதில்லை.

தீமைகள்: மார்பு பெருத்து வலிப்பது பிளாஸ்திரிப் பிரிவில் 100க்கு 85 பேருக்கு வந்தது, ஊசிப் பிரிவில் 42 பேருக்கு வந்தது. இதை அற்பமாக எண்ணக் கூடாது. வெயிலில் சட்டையைக் கழற்றி வேலை செய்து பழகிய ஒருவருக்கு, நாலுபேர் முன்னால் இது பெரிய கூச்சத்தைத் தரும். முன்கூட்டியே மார்புக்குச் சிறிதளவு கதிர்வீச்சு கொடுப்பதாலோ, டமாக்சிஃபென் மாத்திரையாலோ இதைக் குறைக்க முடியும் என்பதால், தொடங்கும் முன்பே டாக்டரிடம் இதைப் பேசிவிட வேண்டும். சிலருக்கு ஒட்டிய இடத்தில் அரிப்பும் சிவப்பும் வரும். இல்லற ஆசை குறைவது இரண்டு முறைகளிலும் உண்டு. மனைவியும் உடனிருந்து கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

7. செவ்வாப்பேட்டைப் பெரியவர் ஒருவரின் நிலை

இவ்வளவும் பிரிட்டனில் நடந்தது. நம்மூரில் என்ன செய்வது? ஓர் எடுத்துக்காட்டு சொல்லிப் பார்ப்போம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காவலாளியாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற 70 வயதுப் பெரியவர் ஒருவர் செவ்வாப்பேட்டையில் மகன் வீட்டில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். புராஸ்டேட் புற்றுநோய் உறுதியாகி, ஹார்மோன் சிகிச்சை வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் முன்னால் உள்ள வழிகள் எவை?

முதல் வழி, விரைகளை அகற்றும் அறுவை. இது சிறிய அறுவைதான். ஒரே முறை செய்தால் போதும். சில மணி நேரத்திலேயே டெஸ்டோஸ்டிரோன் இறங்கிவிடும். அரசு மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள். தவறாமல் வந்து ஊசி போட்டுக்கொள்ள முடியாத ஏழைக்கு இது இன்றைக்கும் நம்பகமான வழி. ஆனால் "ஆண்மையையே எடுத்துவிட்டார்கள்" என்ற மனவேதனை பலருக்கு உண்டு. இதைத் திருப்பி மாற்றவும் முடியாது.

இரண்டாம் வழி, ஊசி. மூன்று மாத ஊசி ஒன்றுக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் இது கிடைக்குமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். ஒரு எச்சரிக்கை: லியூப்ரோலைடு போன்ற ஊசிகளைப் போட்ட முதல் ஒன்றிரண்டு வாரங்களில் டெஸ்டோஸ்டிரோன் இறங்குவதற்கு முன் ஒருமுறை ஏறும். முதுகெலும்பில் நோய் பரவியவருக்கு அந்த நாட்களில் ஆபத்து நேரலாம். அதனால் டாக்டர் துணை மாத்திரை கொடுப்பார். அதைத் தவறாமல் சாப்பிட வேண்டும். பிளாஸ்திரியில் இந்த முதல் ஏற்றம் இல்லை.

மூன்றாம் வழி, பிளாஸ்திரி. இது நம் நாட்டில் இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. புற்றுநோய் டாக்டரோ சிறுநீரக அறுவை டாக்டரோ நோயாளியின் உடல்நிலையைப் பார்த்து முடிவு செய்து, ரத்தப் பரிசோதனையோடு கண்காணித்தால் மட்டுமே செய்யக்கூடியது. விலையையும் கண்ணை மூடிக்கொண்டு "மலிவு" என்று சொல்லிவிட முடியாது. கணக்கைப் பாருங்கள்: 3 பிளாஸ்திரி, வாரத்துக்கு இரண்டு முறை என்றால் வாரத்துக்கு 6; 12 வாரத்துக்கு 72. நம் மருந்துக்கடையில் ஒரு பிளாஸ்திரி என்ன விலை என்று கேட்டு, 72ஆல் பெருக்கி, அதை மூன்று மாத ஊசியின் விலையோடு ஒப்பிட வேண்டும். அதோடு ஊசிக்காகப் போய்வரும் ரயில் செலவையும், துணைக்கு வரும் மகன் இழக்கும் ஒருநாள் கூலியையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். மருந்து தடையில்லாமல் கிடைக்குமா என்பதும் விலையைப் போலவே முக்கியம். பாதியில் நின்றுபோனால் டெஸ்டோஸ்டிரோன் மறுபடியும் தலைதூக்கிவிடும்.

எலும்புக்கோ மற்ற உறுப்புகளுக்கோ பரவிவிட்ட நோய்க்கு இன்று ஹார்மோன் சிகிச்சையோடு அபிரட்டெரோன் போன்ற இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கமாகியிருக்கிறது. நாம் மேலே கண்ட 2024ஆம் ஆண்டு முடிவு அப்படிப் பரவாதவர்களைப் பற்றியது. அதை எல்லாருக்கும் பொருத்திப் பேசக் கூடாது.

8. கண்டிப்பாக மனதில் வைக்க வேண்டியவை

அ. வீட்டில் பெண்களுக்காக வாங்கிவைத்த ஹார்மோன் பிளாஸ்திரியையோ மாத்திரையையோ எந்த ஆணும் தானாக எடுத்து உபயோகிக்கக் கூடாது. பெண்களுக்குக் கொடுக்கப்படும் அளவு மிகக் குறைவு. அந்த அளவில் ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன் இறங்காது. "சிகிச்சை நடக்கிறது" என்று எண்ணியிருக்கும்போதே நோய் வளர்ந்துகொண்டிருக்கும். மாத்திரையாக அதிகம் விழுங்கினாலோ ரத்தக்கட்டியின் ஆபத்து.

ஆ. முன்பே மாரடைப்பு, பக்கவாதம், காலில் அல்லது நுரையீரலில் ரத்தக்கட்டி வந்தவர்கள் அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். சிகிச்சையின்போது ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இ. பிளாஸ்திரி ஒட்டுமிடம் சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளித்த உடம்பிலும் பவுடர் போட்ட இடத்திலும் அது ஒட்டாது. நம்மூர் வெயிலில் வியர்த்து உரிந்துவிடலாம். தினமும் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும். இடுப்புக்குக் கீழே, பிட்டத்தில், வேட்டியும் பெல்ட்டும் இறுக்காத இடம் பார்த்து, ஒவ்வொரு முறையும் இடம் மாற்றி ஒட்ட வேண்டும். மார்பில் ஒட்டக் கூடாது. கழற்றியதிலும் மருந்து மிச்சம் இருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்து, பேரப்பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் போட வேண்டும்.

ஈ. எந்தச் சிகிச்சையானாலும் குறித்த தேதியில் டெஸ்டோஸ்டிரோனும் பி.எஸ்.ஏ.வும் பார்க்க வேண்டும். உடம்பு நன்றாக இருக்கிறது என்பது மட்டும் போதாது.

உ. புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவருக்குக் கால்கள் பலவீனமானாலோ, மரத்துப்போனாலோ, திடீரென்று சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, மலம் கட்டுப்படாமல் போனாலோ அது முதுகுத்தண்டு நசுங்குவதன் அடையாளமாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சில மணி நேரத் தாமதம் ஆயுளுக்கும் படுக்கையில் தள்ளிவிடும்.

9. நாம் செய்யக்கூடியது

அன்பானவர்களே, பணம் அனுப்புவது பெரிய உதவிதான். இந்த நோயிலோ பணத்தோடு வேறு சிலவும் தேவைப்படுகின்றன.

முதலாவது, பேச்சு. பெண்களின் கூட்டங்களில் மார்பகப் புற்றுநோயைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டோம். ஆண்கள் ஐக்கியக் கூட்டத்தில் புராஸ்டேட்டைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஒரு டாக்டரை அழைத்து அரைமணி நேரம் பேசச் சொன்னால் போதும். வீட்டுக்குப் போகிற வழியில் இரண்டு பேராவது அவரைத் தனியே கூப்பிட்டுக் கேட்பார்கள்.

இரண்டாவது, துணை. திருவள்ளூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. செவ்வாப்பேட்டை ரோடு நிலையத்தில் மின்சார ரயில் ஏறினால் சென்னை சென்ட்ரலுக்கு எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனைக்குப் போய்விடலாம். 1900ல் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கும் காட்பாடி வழியாக ரயில் உண்டு. இடம் இருக்கிறது, போவதற்குத்தான் ஆள் துணை இல்லை. சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, டாக்டர் சொல்வதைக் கேட்டு எழுதிவைக்க ஒருவர் கூடப் போனால், அந்தப் பெரியவர் பாதியில் சிகிச்சையை விடமாட்டார்.

மூன்றாவது, தேதி. ஊசிக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் உரிய தேதியை வீட்டுக் காலண்டரில் வட்டமிட்டு, முந்தின நாள் நினைவூட்டுவது எந்த மருந்துக்கும் குறையாத உதவி.

நான்காவது, எலும்பைக் காப்பது. தினமும் நடப்பதும், பால், கேழ்வரகு, கீரை போன்றவற்றைச் சேர்த்துக்கொள்வதும், டாக்டர் சொன்னபடி கால்சியம், வைட்டமின் டி எடுப்பதும், வழுக்கும் குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி பொருத்துவதும் செலவு குறைந்தவை. ஊசியோ அறுவையோ பெற்றவர்களுக்கு இவை மிகவும் அவசியம்.

கலந்து பேசுவதற்கான கேள்விகள்

1. ஈஸ்ட்ரோஜன் மாத்திரையாகச் சென்றபோது ஏற்பட்ட ஆபத்து, பிளாஸ்திரியாகச் சென்றபோது ஏன் காணப்படவில்லை? உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள்.

2. அறுவை, ஊசி, பிளாஸ்திரி ஆகிய மூன்றில் ஒவ்வொன்றும் யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது?

3. பெண்களுக்கான பிளாஸ்திரி ஒன்றை ஓர் ஆண் தானாக எடுத்து ஒட்டிக்கொண்டால் என்ன நேரும்?

4. நம் சபையில் அறுபது வயதைத் தாண்டிய ஆண்கள் எத்தனை பேர்? சிறுநீர்த் தொல்லையை யாரிடமும் சொல்லாமல் இருப்பவர்களை அணுக ஏற்றவர் யார்: ஆயரா, நண்பரா, மனைவியா?

5. மருத்துவமனைக்குத் துணையாகப் போக மாதம் ஒருநாள் ஒதுக்கக்கூடியவர்கள் நம்மிடையே யார் யார்? இக்கேள்விக்குப் பதிலாகப் பெயர்களை ஒரு தாளில் எழுதி, கூட்டம் முடிவதற்குள் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள்.